மூன்று கோடை, இரண்டு குளிர்ச் சட்டை: எம்.எஸ். உடம்போடு நடந்த அனுபவம்

எனக்கு மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் (எம்.எஸ்.) என்ற நரம்பு நோய் இருப்பது தெரிந்து ஆறு வருடம் ஆகிறது. வீடு பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறைப் பக்கம். பங்குனி பிறந்துவிட்டால் இங்கே காலை ஒன்பது மணிக்கே முற்றத்தில் நிற்க முடியாது.

எம்.எஸ். வந்தவர்களுக்கு நரம்பின் மேலுறையான மயலின் அங்கங்கே சிதைந்திருக்கும். உடம்புச் சூடு அரை டிகிரி ஏறினாலே அந்த இடங்களில் நரம்புச் செய்தி தடுமாறும். எனக்கு முதலில் வலது கண் மங்கும், அப்புறம் வலது பாதம் தூக்க வராமல் தரையில் இழுபடும். இதை 1890லேயே உஹ்தோஃப் என்ற ஜெர்மன் கண் மருத்துவர் எழுதிவைத்திருக்கிறார். உடம்பு ஆறினால் எல்லாம் பழையபடி ஆகிவிடும், நரம்புக்குப் புதிதாகச் சேதம் எதுவும் இல்லை. இது தெரியாமல் முதல் கோடையில் நோய் முற்றிவிட்டதென்று பயந்து இரண்டு மாதம் படுத்தே கிடந்தேன். மழை வந்தபோது கண் தெளிந்தது, ஆனால் கால் சூம்பிப்போயிருந்தது. அந்த இரண்டு மாதத்தை நினைத்தால் இன்றும் மனசு ஆறவில்லை.

வெயிலில் உடம்புச் சூடு ஏறாமல் இருக்கக் குளிர்ச் சட்டை போடலாம். 2023 தை மாதம் முதலில் வாங்கியது நனைத்துப் போடும் சட்டை. பத்து நிமிடம் தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து மாட்டிக்கொள்ள வேண்டும். மண்பானை குளிர்வது எப்படியோ அப்படித்தான் இதுவும், ஈரம் ஆவியாகும்போது சூட்டையும் சேர்த்து எடுத்துப்போகும். தை, மாசியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வறண்ட காற்று வீசுமே, அதற்கு இது அருமை. தென்னந்தோப்பைச் சுற்றி அரை மணி நேரம் நடந்தேன். சித்திரையில் காற்றில் ஈரம் ஏறியதும் சட்டை ஆறவே இல்லை, உடம்பை ஈரத்துணியில் சுற்றிப் புழுக்கியது போல் இருந்தது. கடலோரத்தில் இருப்பவர்கள் இந்த வகைக்குக் காசு செலவழிக்க வேண்டாம்.

அடுத்து வாங்கியது பாக்கெட் வைத்த சட்டை. முன்னால் இரண்டு, முதுகில் இரண்டு. உள்ளே 15 டிகிரி அளவிலேயே உறைந்துவிடும் மெழுகு மாதிரியான பொருள். ஒரு தடவை வேறொருவருடைய ஐஸ் வைத்த சட்டையைப் போட்டுப் பார்த்தேன், அந்தக் குளிரில் தொடை இறுகிப் பிடித்துக்கொண்டது. இதில் அந்தத் தொல்லை இல்லை. கரண்ட் போனாலும் வாளியில் ஐஸ் தண்ணீர் இருந்தால் போதும், பாக்கெட் உறைந்துவிடும். இரண்டு மணி நேரம் குளிரும் என்று சொல்லித்தான் விற்றார்கள். சித்திரை வெயிலில் எனக்கு ஐம்பது நிமிடம் நின்றது. எடை கிட்டத்தட்ட இரண்டு கிலோ, முதல் வாரம் தோள் வலித்தது.

ஒரு வருடம் நான் தவறாகவே பயன்படுத்தினேன். கால் இழுக்கத் தொடங்கிய பிறகு மாட்டுவேன், அதற்குள் சூடு உள்ளே போயிருக்கும். கிளம்புவதற்கு முன்பே போட்டுக்கொண்டு ஃபேனடியில் இருபது நிமிடம் உட்கார வேண்டும் என்று பிசியோதெரபிஸ்ட் சொன்ன பிறகுதான் சட்டையின் முழுப் பலன் தெரிந்தது. இப்போது கதவருகே போனாலே அம்மா கடிகாரத்தைப் பார்ப்பார். "இன்னும் அஞ்சு நிமிஷம் இருக்கு கண்ணு, உக்காரு." அப்படிக் குளிர்ந்துவிட்டுப் போனால் வாய்க்கால் பாலம் வரை போய்த் திரும்பும்வரை கண் மங்குவதில்லை.

2024 ஏப்ரல் கடைசியில் பாலக்காட்டுக்கு வெப்ப அலை அறிவித்தார்களே, அந்த நாட்களில் வெளியே நடக்கவில்லை. சட்டையைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குள்ளேயே நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, சுவரைப் பிடித்துக் குதிகால் தூக்குவது என்று செய்தேன். அந்த வருடம் கால் மெலியவில்லை.

அடிக்கடி பாத்ரூம் போக வேண்டியிருக்கிறதே என்று தண்ணீரைக் குறைக்காதீர்கள். நான் குறைத்தேன், களைப்பு இன்னும் கூடியது. இப்போது கிளம்பும் முன் ஒரு டம்ளர் சில்லென்ற சம்பாரம் (நீர்மோர்) குடிக்கிறேன். உடம்பைக் குளிரவைத்தும் ஒரு நாளைக்கு மேல் பார்வையோ காலோ திரும்பவில்லை என்றால் அதை வெயிலின் கணக்கில் எழுதாதீர்கள், உடனே நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். காய்ச்சல் வந்தாலும் அப்படித்தான், சட்டையை நம்பி இருக்கக் கூடாது.

மூன்றாம் கோடை முடியும்போது ஒரு பாக்கெட் ஓரத்தில் கசிந்தது. தனியாக விற்பதில்லை என்று சொல்லிவிட்டார்கள். வாங்கும் முன் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள். இப்போதைக்கு மூன்று பாக்கெட்டோடு நடக்கிறேன், முதுகில் ஒன்று, நெஞ்சில் இரண்டு.