ரே விஜேவர்த்தன காட்டிய இரண்டு வழிகள்: உழுவதா, உழாமல் விதைப்பதா?

இலங்கைப் பொறியியலாளர் ரே விஜேவர்த்தன (1924–2010) கேம்பிரிட்ஜில் படித்தவர். லாண்ட்மாஸ்டர் என்ற இருசக்கர உழவு இயந்திரத்தை 1950களில் உருவாக்கினார். அவரே பின்னாளில் நைஜீரியாவின் இபாதானிலுள்ள வெப்பமண்டல வேளாண்மை நிறுவனத்தில், உழவே வேண்டாத பயிர்ச்செய்கைக்குக் கருவி செய்தார். தன் கண்டுபிடிப்பையே கேள்வி கேட்கும் அந்த நேர்மைக்காகவே அவரை மதிக்கிறேன்.

திருகோணமலையில் எது உதவும்? கந்தளாய்க் குளத்து நீர் பாயும் தம்பலகாமம் வயல்களுக்கு உழவு இயந்திரம்தான். சேறாக்காத வயலில் நீர் கீழே கசிந்துவிடும், களையும் முந்திக்கொள்ளும். பெரிய டிராக்டர் திணறும் சிறு வரவைக்குள்ளும் (வரம்புகளுக்கு இடைப்பட்ட வயல் துண்டு) இது இலகுவாகத் திரும்பும். செலவுதான் கடிக்கும். முன்பு உழுத எருமை எருவும் கன்றும் தந்தது. இயந்திரம் டீசலும் உதிரிப்பாகமும் கேட்கிறது.

சோளமும் கௌப்பியும் போடும் மேட்டுநிலத்தில் என் தெரிவு மாறுகிறது. அங்கே உழுது திறந்துவிட்ட மேல்மண்ணை மார்கழி மழை அள்ளிக்கொண்டு போவதைப் பார்க்கவே மனம் பதறும். முன்போகத்துத் தாள்களை மூடாக்காக விட்டுவிடலாம். இபாதானில் அவர் உருவாக்கிய உருளும் விதைப்பான் இதற்கானதே: தள்ளிக்கொண்டு நடந்தால், சக்கரத்தின் அலகுகள் மூடாக்கைத் துளைத்து விதையை மண்ணுக்குள் இடும். மண் புரளாது, ஈரம் தங்கும், ஒருவரே விதைக்கலாம். ஆனால் உழாத நிலத்தில் களை விடாது. தொடக்கப் போகங்களில் கைக்களை எடுக்க ஆள் வேண்டும்.