முழங்கால் சில்லுத் தேய்வு: பக்கப் படமா, ஸ்கைலைன் படமா?

கிளிநொச்சி வயலில் குந்தியிருந்து களை பிடுங்குபவருக்குச் சில்லுக்குப் பின்னால் நோவென்றால், முன்பக்க எக்ஸ்றே மட்டும் போதாது. அதில் சில்லு தொடையெலும்போடு ஒன்றாய் விழுந்து மங்கிவிடும்.

பக்கப் படத்துக்குக் கால் 30 பாகை மடங்கவேண்டும். சில்லின் மேல், கீழ் முனைகளில் வளர்ந்த எலும்பு முட்களும் சில்லு நிற்கும் உயரமும் தெரியும்.

ஸ்கைலைன் படம் வேறு; சில்லுக்கும் தொடையெலும்புக்கும் இடையே கதிரைச் செலுத்தி எடுக்கும் எக்ஸ்றே அது. முழங்காலை 45 பாகை மடக்கி, தொடைத்தசையைத் தளர்த்தி எடுக்கவேண்டும். தசை இறுகினால் சில்லு இழுபட்டு நிலை மாறும். பக்கப் படத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக விழும் உள், வெளிப் பக்க இடைவெளிகள் இதில் பிரிந்து தெரியும். பெரும்பாலும் தேய்வது வெளிப்பக்கம்தான். 90 பாகை மடக்கினால் சில்லு தொடையெலும்பின் பள்ளத்துக்குள் ஆழ இறங்கி, அதன் விலகல் மறைந்துவிடும்.

ஒன்றுதான் எடுக்கலாமென்றால் ஸ்கைலைனையே கேளுங்கள். ஆரம்பக் குருத்தெலும்புச் சேதம் இரண்டிலும் தெரியாது.