பழைய போஸ்டரா, புது ஓவியமா: டிஸ்க் அட்டைச் சண்டை

பழைய படம் ஒன்று ப்ளூ-ரே டிஸ்க்கிலோ 4கே டிஸ்க்கிலோ வருகிறது என்று அறிவிப்பு வந்தால், படச்சுருளை எந்த லேபில் சுத்தம் செய்தார்கள் என்ற பேச்செல்லாம் அப்புறம்தான். முதலில் அட்டை. "அந்த போஸ்டரையே போட்டுத் தொலைச்சிருக்கலாமே" என்று ஒரு கட்சி. "அதைத்தான் நாற்பது வருஷமாப் பார்க்கிறோம், புதுசா வரையட்டும்" என்று எதிர்க்கட்சி. ரெண்டு பக்கமும் விவரம் தெரிந்தவர்கள். அதனால் சண்டை சீக்கிரத்தில் ஓயாது.

நான் எந்தப் பக்கம் என்று கேட்டால், படத்தைப் பொறுத்து என்பேன். இது நழுவல் இல்லை. போஸ்டர் என்பது படத்தை இன்னும் பார்க்காதவனைத் தியேட்டருக்கு இழுக்கச் செய்தது. டிஸ்க் வாங்குகிறவனோ பெரும்பாலும் படத்தைப் பலமுறை பார்த்தவன். ஒரே ஓவியம் இந்த இரண்டு பேருக்கும் வேலை செய்யுமா என்பதில்தான் விவகாரமே இருக்கிறது.

ஜான் கார்பென்டரின் 'தி திங்' (1982) இதற்கு நல்ல உதாரணம். போஸ்டரை வரைந்தவர் ட்ரூ ஸ்ட்ரூஸன். படத்தைப் பார்க்காமலே, ஒரே இரவில் வரைந்து, காலையில் பெயின்ட் காய்வதற்குள் கொடுத்தனுப்பினார் என்பது ரசிகர்கள் சலிக்காமல் சொல்லும் கதை. பனிக்கோட்டு போட்ட ஓர் ஆள் நிற்கிறான். தலைமூடிக்குள் முகம் இருக்க வேண்டிய இடத்தில் கண்ணைக் கூசும் வெளிச்சம். அவ்வளவுதான். அன்டார்க்டிகா முகாமில் யார் மனிதன், யார் மனிதன் வேஷத்தில் இருக்கும் ஜந்து என்று தெரியாமல் தவிப்பதுதான் கதை. முகமே இல்லாத ஆளை வரைந்ததில் முழுப்படமும் அடங்கிவிட்டது. அதே சமயம் ஒரு காட்சியைக்கூட அது போட்டுக் கொடுக்கவில்லை.

இதே படத்துக்குப் புதிதாக வரைய உட்காருகிறவருக்கு இரண்டு சபலங்கள். ஒன்று, கர்ட் ரஸ்ஸலின் தாடி முகம். இன்னொன்று, ஒப்பனை வித்தைக்காரர் ராப் போட்டின் உருவாக்கிய அந்தக் கோர உருவங்கள். பார்த்தவனுக்கு இரண்டுமே குஷி. ஆனால் படத்தின் பாதி பலம், அடுத்து எது எங்கிருந்து பிளந்து வரும் என்று தெரியாததில் இருக்கிறது. நண்பர் ஒருவர் உங்கள் அலமாரியிலிருந்து அதை எடுத்து, "இது என்ன படம்?" என்று கேட்கும்போது அட்டையே பதிலைச் சொல்லிவிடக்கூடாது. இந்தப் படத்துக்கு என் ஓட்டு பழைய போஸ்டருக்கே.

ஆனால் பழைய போஸ்டர் கட்சியினர் அளவைப் பற்றி வாயே திறப்பதில்லை. அமெரிக்க தியேட்டர் போஸ்டரின் வழக்கமான அளவு 27க்கு 40 அங்குலம். அதாவது உயரம், அகலத்தைப் போல ஒன்றரை மடங்கு. டிவிடி பெட்டி ஏறக்குறைய அந்த விகிதத்துக்குப் பக்கத்தில் வரும். நீல ப்ளூ-ரே பெட்டியில் அப்படி இல்லை. அட்டைக் காகிதத்தின் முன்பக்கம் சுமார் 13 செமீ அகலம், 15 செமீ உயரம், கிட்டத்தட்டச் சதுரம். போஸ்டரை அகலத்துக்குப் பொருத்தினால் 19 செமீ உயரம் வேண்டும். நான்கு செமீக்கு எங்கே போவது? மேலேயோ கீழேயோ வெட்டுகிறார்கள். இல்லையென்றால் இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை விட்டு, படத்தை நடுவில் சுருக்கி வைக்கிறார்கள். "பழைய போஸ்டரையே போட்டிருக்கிறோம்" என்று வரும் அட்டைகள் சிலவற்றில் தலை இருக்கும், கால் இருக்காது. அல்லது வானம் முழுக்கப் போயிருக்கும்.

அதனால் சுருக்கினாலும் சாகாத போஸ்டர்தான் அட்டைக்கு லாயக்கு. போஸ்டர் வடிவமைப்பாளர் சால் பாஸ் வரைந்ததெல்லாம் அந்த ரகம். ஓட்டோ ப்ரெமிங்கரின் 'அனாடமி ஆஃப் எ மர்டர்' (1959) போஸ்டரில் ஒரு மனித உடல், தலை வேறு உடம்பு வேறு கை கால் வேறாகக் கத்தரித்த கறுப்புக் காகிதம் போல் கிடக்கும். சுவரில் பார்த்தாலும் தெரியும், போனில் கட்டைவிரல் அளவில் பார்த்தாலும் தெரியும். பழைய படங்களை டிஸ்க்கில் வெளியிடும் அமெரிக்க நிறுவனமான கிரைட்டீரியன் 2012இல் இந்தப் படத்தை வெளியிட்டபோது பாஸின் வரைபடத்தையே எடுத்துக்கொண்டது. வேறு யாரையாவது வரையச் சொல்லியிருந்தால் அடி வாங்கியிருப்பார்கள்.

கிரைட்டீரியனைப் பற்றி ஒரு வார்த்தை. 1984இல், டிவிடிக்கு முந்தைய லேசர்டிஸ்க் காலத்தில் தொடங்கிய நிறுவனம். ஒவ்வொரு படத்துக்கும் பெட்டியின் முதுகில் ஒரு எண் உண்டு. படத்துக்கு ஏற்ற மாதிரி அட்டையை வடிவமைப்பதுதான் அவர்களுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது. புது ஓவியக் கட்சியின் பலமான சாட்சியும் இங்கேதான் இருக்கிறது. 'ப்ளாஸ்ட் ஆஃப் சைலன்ஸ்' (1961) என்று ஒரு சின்ன பட்ஜெட் படம். கிறிஸ்துமஸ் சமயத்தில் நியூயார்க்குக்கு வரும் கூலிக் கொலையாளியின் கதை. 'இந்த போஸ்டர் இல்லாவிட்டால் செத்தேன்' என்று யாரும் கொடி பிடிக்கிற படம் இல்லை. 2008இல் இதன் அட்டைக்கு காமிக்ஸ் ஓவியர் ஷான் ஃபிலிப்ஸைப் பிடித்தார்கள். அட்டையோடு, படத்தை நான்கு பக்க காமிக்ஸாகவும் வரைந்து உள்ளே வைத்தார்கள். அதற்குமுன் படத்தின் பெயரையே கேள்விப்படாதவர்கள்கூட அட்டைக்காக வாங்கினார்கள். இங்கே புது ஓவியம் எந்தப் பழைய நினைவையும் அழிக்கவில்லை. அழிக்க அங்கே ஒன்றுமே இல்லை.

மூன்றாவதாக ஒரு வழியும் உண்டு. போஸ்டரும் வேண்டாம், ஓவியமும் வேண்டாம், பெட்டியையே படத்துக்குள் இருக்கும் ஒரு பொருளாக்கிவிடுவது. க்ரோனென்பெர்கின் 'வீடியோட்ரோம்' (1983) கிரைட்டீரியன் டிவிடியாக 2004இல் வந்தபோது, அது யாரோ கையால் பெயர் எழுதி ஒட்டிய வீடியோ கேசட் மாதிரியே இருந்தது. வீடியோவைப் பார்த்தவனை அந்த வீடியோவே ஆட்டிவைக்கும் கதைக்கு இதைவிட என்ன வேண்டும்? எனக்குப் பிடித்த அட்டைகளில் இதற்கு முதலிடம். ஆனால் எல்லாப் படத்துக்கும் இது ஒத்துவராது. செய்தால் விளையாட்டுத்தனம் ஆகிவிடும். கிரைட்டீரியன் 2012இல் வெளியிட்ட 'காட்ஸில்லா' பெட்டியைத் திறந்தால் காட்ஸில்லா எழுந்து நிற்கும், அது சரி. 2019இல் ஆயிரமாவது எண்ணாக, பதினைந்து காட்ஸில்லா படங்களைப் பெரிய படப்புத்தகம் போலச் செய்தார்களே, அது அலமாரித் தட்டில் 999க்குப் பக்கத்தில் நிற்கவே நிற்காது. எண் வரிசையில் அடுக்குகிறவர்களின் வயிற்றெரிச்சலைக் கேட்க வேண்டுமா!

சண்டையைத் தீர்க்க நினைத்தவர்கள் இங்கிலாந்தின் ஆரோ வீடியோகாரர்கள். அவர்களுடைய ஆரம்பகால டிஸ்க்குகளில் மேலுறையில் ஒரு ஜன்னல் வெட்டியிருக்கும். உள்ளே நான்கு அட்டைகளில் எது வேண்டுமோ அதை மாற்றி மாற்றி வைத்துக்கொள்ளலாம். அந்தக் காலத்துப் புது ஓவியங்கள் சில மலிவுக் காமிக்ஸ் போல இருப்பதாகத் திட்டு வாங்கின. திட்டு நியாயம்தான். பிறகு அதைச் சுருக்கி, ஒரே காகிதத்தின் ஒரு பக்கம் புது ஓவியம், மறுபக்கம் பழைய போஸ்டர் என்று ஆக்கினார்கள். உருவித் திருப்பிப் போட்டால் தீர்ந்தது. 'தி திங்' படத்தையும் 2017இல் இப்படித்தான் கொடுத்தார்கள். திருப்பினால் முதுகும் கூடவே மாறிவிடும் என்பது கூடுதல் வசதி. அலமாரியில் கண்ணில் படுவது முதுகுதானே, முன்பக்கம் அல்ல. கிரைட்டீரியன் பெரும்பாலும் இதைச் செய்வதில்லை. அவர்கள் தேர்ந்தெடுத்ததே தீர்ப்பு. அந்தத் துணிச்சலை நான் மதிக்கிறேன். ஆனால் என் காசுக்கு ஆரோவின் வழிதான் உசத்தி.

ஸ்டீல்புக் என்ற தகரப் பெட்டி பக்கம் வந்தால் தேர்வு என்ற பேச்சே கிடையாது. ஓவியம் நேராகத் தகரத்தின் மேல் அச்சாகிறது. திருப்பவும் முடியாது, மாற்றவும் முடியாது. முன்பக்கத்தில் பல சமயம் படத்தின் பெயர்கூட இருக்காது. பின்பக்கத்து விவரமெல்லாம் கோந்து தொட்டு ஒட்டிய ஒரு காகிதத்தில் இருக்கும். பிரித்ததும் அதை எங்கே பத்திரப்படுத்துவது என்று தெரியாது. நல்ல ஸ்டீல்புக்கில் உலோகப் பளபளப்பு மையின் ஊடாகத் தெரியும், எழுத்துகள் விரலுக்குப் புடைத்துக் கிடைக்கும். அந்த சுகம் காகிதத்தில் இல்லை என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எனக்கு வந்த ஒன்று மூலை நசுங்கி வந்தது. பிளாஸ்டிக் பெட்டி உடைந்தால் காலிப்பெட்டி வாங்கி அட்டையை மாற்றலாம். நசுங்கிய தகரத்தை என்ன செய்வது? ஒரு கறுப்புப் பின்னணி, நடுவில் ஒரு சின்னம், அதற்கு இரட்டை விலை என்று வரும் ஸ்டீல்புக்குகளை நான் தொடுவதே இல்லை.

நடிகர்களின் தலைகளைப் புகைப்படத்திலிருந்து வெட்டி, சின்னதும் பெரிதுமாக மிதக்கவிடும் அட்டைகளுக்காக இரண்டு கட்சியிலும் யாரும் வாதாடுவதில்லை. நம்மூர் டிவிடி அட்டைகளைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அது புதிதும் அல்ல. முகமே கூடாது என்றில்லை. 1995இல் 'ஸ்டார் வார்ஸ்' மூன்று படங்களும் விஎச்எஸ் வீடியோ கேசட்டில் வந்தபோது அட்டைக்கு ஒரு முகம்தான்: வேடரின் முகமூடி, ஸ்டார்ம்ட்ரூப்பரின் கவசம், யோடா. நடிகர் முகம் ஒன்றுகூட இல்லை. இன்றைக்கும் அந்த மூன்றையும் தேடி வாங்குகிறார்கள்.

கடைசியாக, என்னால் விட்டுக்கொடுக்கவே முடியாத ஒரு ஆள்: சத்யஜித் ரே. 1943இல் கல்கத்தாவின் டி.ஜே. கீமர் விளம்பர நிறுவனத்தில் சேர்ந்தவர், சிக்னெட் பிரஸ் நூல்களுக்கு அட்டை போட்டவர், தன் படங்களுக்குத் தானே போஸ்டர் வரைந்தவர். 'தேவி' (1960) போஸ்டரில் ஷர்மிளா தாகூரின் முகம் பாதி வெளிச்சம், பாதி இருட்டு. மருமகளைத் தெய்வமாக்கி அவள் வாழ்க்கையைக் குலைக்கும் கதை அந்த ஒரு கோட்டில் பிரிந்து நிற்கும். வங்காள எழுத்துகளும் அவர் கையால் வரைந்தவை. அவை முகத்தோடு சேர்ந்துதான் போஸ்டர். இயக்குநரே வரைந்தது கையில் இருக்கும்போது, ரே படத்துக்கு வேறொருவரை வரையச் சொல்லும் வாதம் எனக்குப் பிடிபடவில்லை. ஆரோவைப் போல மறுபக்கத்தில் போட்டுக்கொள்ளட்டும், ஆட்சேபம் இல்லை. முன்பக்கத்தில் அந்த முகமும் அந்த எழுத்தும் வெட்டாமல் இருக்க வேண்டும். வாங்குகிறவருக்குப் படிக்கத் தெரியாதே என்றால், ஆங்கிலப் பெயரை முதுகில் அச்சடிக்கலாம்.