ரோட்டரி எஞ்சினுக்கு 115 லிட்டர் எலெக்ட்ரிக் வாட்டர் பம்ப், போதுமா போதாதா

மஸ்டா 13பி ரோட்டரி எஞ்சின (பிஸ்டனுக்கு பதிலா முக்கோண ரோட்டர் சுத்துறது) சின்ன விமானத்துல மாட்டுறவங்கள்ல சிலர், எஞ்சின குளிர வைக்கிற தண்ணிய சுத்த விடுற, பெல்ட்டுல ஓடுற பழைய பம்ப கழட்டிட்டு எலெக்ட்ரிக்குக்கு மாறிடுறாங்க, நானும் நிமிஷத்துக்கு 115 லிட்டர்னு போட்டு விக்கிற ஒண்ணத்தான் மாட்டி ஓட்டிட்டு இருக்கேன். பம்ப் நல்ல பம்ப்தான். ஆனா பெட்டி மேல இருக்கிற 115-ஐ நம்பி மட்டும் கணக்கு போட்டுடாதீங்க.

அது எதிர்ப்பே இல்லாம தண்ணிய சும்மா தள்ளும்போது வர்ற நம்பர். எஞ்சினுக்குள்ள இருக்கிற வழி, ரேடியேட்டர், வளைஞ்சு போற ஹோஸ் எல்லாத்தையும் தாண்டி வரும்போது நல்லாவே குறைஞ்சிடும். 160 குதிரைசக்தி எடுக்கும்போது கூலண்டுக்கு (குளிர வைக்கிற தண்ணிக்கு) தோராயமா 80 கிலோவாட் சூடு போகுதுன்னு வைங்க (ஆயில் தனியா ஒரு பங்கு தூக்கிட்டு போயிடும், ரோட்டர குளிர வைக்கிறதே ஆயில்தான்). பாதிக்கு பாதி கிளைகோல் (ஆன்டிஃப்ரீஸ்) கலந்த தண்ணி நிஜமாவே 115 லிட்டர் ஓடினா ரேடியேட்டர்ல நுழையறதுக்கும் வெளிய வர்றதுக்கும் 12 டிகிரி வித்தியாசம் வரணும், 80 லிட்டர்னா 17, 60 லிட்டர்னா 22. ரெண்டு பக்கமும் சென்சார் போட்டு பாத்தேன், ஃபுல் த்ராட்டில்ல மேல ஏறும்போது 17 பக்கத்துல நிக்குது, அப்போ உள்ள ஓடுறது 80 சொச்சம்தான்.

க்ரூஸ்ல, அதாவது உயரம் பிடிச்சு சமமா பறக்கும்போது, இது தாராளம். ஏறும்போதுதான் இடிக்குது, பவர் முழுசா இருக்கும், வேகம் கம்மியா இருக்கிறதால ரேடியேட்டர்ல காத்தும் கம்மி. அதோட ரோட்டரில எரியறது எப்பவும் ஒரே பக்கம், ஸ்பார்க் பிளக் இருக்கிற அந்த இடத்த பிஸ்டன் எஞ்சின் மாதிரி அடுத்த ஸ்ட்ரோக்ல புதுக்காத்து வந்து ஆத்தி விடாது. அங்க தண்ணி மெதுவா போச்சுன்னா மீட்டர்ல நார்மலா காட்டிட்டு இருக்கும்போதே உள்ள கொதிச்சு நீராவி கட்டிக்கும், அலுமினிய ஹவுசிங் (ரோட்டர சுத்தி இருக்கிற கூடு) கோணி, தண்ணி கசியாம தடுக்கிற ஓ-ரிங் வெந்து, கூலண்ட் எரியற சேம்பருக்குள்ள இறங்கிடும். அதனாலதான் ஃப்ளோ விஷயத்துல இவ்வளவு பிடிவாதமா இருக்கேன்.

மாட்டுறவங்க வோல்டேஜ கண்டிப்பா பாருங்க. பஸ்ல (விமானத்துல கரண்ட் பிரியுற பொது லைன்ல) 13.8 வோல்ட் இருந்தாலும் வயர் ஒல்லியா இருந்தா பம்ப் முனையில 12 தான் வரும், மோட்டார் வேகம் குறைஞ்ச அளவுக்கு ஃப்ளோவும் குறையும், ஓடும்போது பம்ப் முனையிலயே மீட்டர வெச்சு பாருங்க. உறிஞ்சுற பக்கம் சாதா ரப்பர் ஹோஸ் போட்டா சூடானதும் அமுங்கி தட்டையாயிடும், உள்ள ஸ்பிரிங் இருக்கிற ஹோஸா வாங்குங்க.

ரொம்ப பிடிச்சது, இறங்கி எஞ்சின ஆஃப் பண்ணின பிறகும் பம்ப கொஞ்ச நேரம் ஓட விடலாம், ஹவுசிங்ல தேங்கின சூடு மெல்ல இறங்குது. பெல்ட் பம்ப்ல இது நடக்காது. ஆனா பெல்ட் பம்புக்கு கரண்ட் தேவையில்ல, இதுக்கு ஆல்டர்னேட்டர் போச்சுன்னா பேட்டரி தாங்குற வரைக்கும்தான். ரெண்டு பம்ப் போடுறதா இருந்தா சீரிஸ்ல (ஒரே லைன்ல ஒண்ணுக்கு பின்னால ஒண்ணா) போடுங்க, ஒண்ணு நின்னாலும் அது வழியாவே தண்ணி போகும், பேரலல்ல (பக்கத்துல பக்கத்துல தனித்தனி லைனா) போட்டா, தண்ணி திரும்பி வராம தடுக்கிற செக் வால்வு இல்லாம நின்ன பம்ப் வழியா தண்ணி நிறைய திரும்பி சுத்திக்கிட்டே இருக்கும், எஞ்சினுக்கு போறது ரொம்ப குறைஞ்சிடும்.

160 குதிரைசக்திக்கு கீழ, குட்டையான ஹோஸ், நல்ல ரேடியேட்டர்னா இந்த பம்ப தாராளமா வாங்கலாம். டர்போ போட்டவங்க, ரெண்டு ரேடியேட்டர ஒண்ணுக்கு பின்னால ஒண்ணா மாட்டினவங்க ஒத்த பம்ப நம்பி பறக்காதீங்க. எப்படி மாட்டினாலும் கூலண்ட் பிரஷர் கேஜ் ஒண்ணு வெச்சுக்கோங்க, தண்ணி லீக் ஆகி காலியாயிட்டா டெம்பரேச்சர் சென்சார் வெறும் நீராவிலயோ காத்துலயோ நின்னு கம்மியா காட்டும், பிரஷர் முள்ளு விழறதுதான் முதல்ல தெரியும்.