காஹூட், பிளிக்கர்ஸ்: பல பருவங்கள் வகுப்பில் ஓட்டிப் பார்த்த பிறகு

திரையோடு வளர்ந்த பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தும் முறையை மாற்றவேண்டும் என்றதும் முதலில் வகுப்புக்குள் வருவது விநாடி வினா செயலிதான். காஹூட், பிளிக்கர்ஸ் இரண்டும் அப்படிப்பட்டவை. வாங்கியபடியே ஓட்டினால் இரண்டுமே சீக்கிரம் அலுத்துப்போகும். அமைப்புகளை மாற்றினால்தான் பாடத்துக்கு உதவும்.

காஹூட்டில் கேள்வி திரையில் வரும், பிள்ளைகள் போனில் விடைக்குரிய நிறத்தைத் தட்டவேண்டும். முதல் மாதம் வகுப்பு துள்ளும். போகப்போக அதே நாலைந்து பேர்தான் முன்வரிசைப் பட்டியலில் வருவார்கள். மற்றவர்கள் கேள்வியைப் படிக்காமலே ஏதோ ஒரு நிறத்தைத் தட்டிவிடுவார்கள். காரணம் புள்ளிக் கணக்கு. சரியான விடைக்கு உச்சம் 1000. உடனே தட்டினால் ஏறக்குறைய முழுசும் கிடைக்கும், கடைசி நொடியில் தட்டினால் பாதிதான். கேள்விக்குத் தானாக வரும் நேரம் 20 விநாடி. இரண்டு வரிக் கேள்வியை வாசித்து யோசிக்க அது எப்படிப் போதும்? நேரத்தை 60 அல்லது 90 ஆக்குங்கள். யோசிக்கவேண்டிய கேள்விகளுக்குப் புள்ளியே இல்லை என்று வைத்துவிடுங்கள். ஆரவாரம் குறையும், குறையட்டும். கோமாளிப் பெயர்களில் நுழைவதைத் தடுக்க, பெயரைச் செயலியே சூட்டும் வசதி உண்டு. ஆனால் அதைப் போட்டால் யார் எங்கே தடுமாறினார் என்பது அறிக்கையில் தெரியாது.

நீண்ட நாள் உழைப்பது பிளிக்கர்ஸ். பிள்ளைகளிடம் போன் வேண்டாம். ஆளுக்கொரு எண்ணிட்ட அட்டை, அதில் கேமரா படிக்கும் கறுப்புக் கட்ட வடிவம். அதன் நான்கு பக்கமும் ஏ, பி, சி, டி. தேர்ந்த எழுத்து மேலே வரும்படி பிடித்தால், ஆசிரியரின் போன் கேமரா ஒரே சுற்றில் படித்துவிடும். எழுத்து பொடியாக இருப்பதால் பக்கத்தில் இருப்பவரைப் பார்த்து எழுதும் வேலை அநேகமாக நடக்காது. படிக்காமல் போவது பெரும்பாலும் மூன்று காரணங்களால்: விரல் கறுப்புக் கட்டத்தை மறைப்பது, அட்டை வளைந்திருப்பது, பளபளப்பான லேமினேஷனில் விளக்கொளி பட்டு வெளுப்பது. கெட்டி அட்டையில் அச்சிடுங்கள். லேமினேட் செய்வதென்றால் மங்கல் பூச்சுதான். ஓரத்தில் மட்டும் பிடிக்க முதல் நாளே பழக்குங்கள்.

கருவி எதுவானாலும் கேள்விதான் முக்கியம். ஒரு மாதிரி: மேலே எறிந்த பந்து உச்சியில் நிற்கும் கணத்தில் அதன் முடுக்கம் எவ்வளவு? நிறையப் பேர் பூஜ்யம் என்பார்கள், வேகத்தையும் முடுக்கத்தையும் குழப்பிக்கொண்டு. விடை கீழ்நோக்கி 9.8 மீ/வி². தவறான ஒவ்வொரு தேர்வும் இப்படி ஒரு நிஜக் குழப்பத்தைப் பிடிக்கவேண்டும். வேடிக்கைக்காகச் சேர்க்கும் நான்காவது விடை வீண்.

ஹார்வர்டில் இயற்பியல் நடத்தும் எரிக் மஸூர் 1991இல் தொடங்கிய முறை இதற்குக் கச்சிதமாகப் பொருந்துகிறது. ஒன்றிரண்டு நிமிடம் தனியாக யோசித்து வாக்கு. சரியாகச் சொன்னவர்கள் 30 முதல் 70 சதவீதத்துக்குள் இருந்தால், வேறு விடை சொன்னவரோடு இரண்டு மூன்று நிமிடம் வாதாடவிட்டு மறுவாக்கு. அதற்கும் கீழே என்றால் பேசவிட்டுப் பயனில்லை, பாடத்தைத் திரும்ப எடுக்கவேண்டும். மேலே என்றால் சுருக்கமாகச் சொல்லிவிட்டு அடுத்தது.

இங்கே நடக்கும் பெரிய தவறு, முதல் வாக்கின் வரைபடத்தைத் திரையில் காட்டிவிடுவது. உயரமான பட்டையைப் பார்த்ததும் வாதம் செத்துவிடும், எல்லோரும் அதற்கே தாவுவார்கள். பிளிக்கர்ஸில் வரைபடத்தையும் விடையையும் மறைத்து வைக்கலாம். காஹூட் சாதாரண வினாவில் நேரம் முடிந்ததும் விடையைக் காட்டிவிடும் என்பதால் மறுவாக்குக்கு அது லாயக்கில்லை. மீள்பார்வைக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

இப்படி ஒரு கேள்விக்கு ஏழெட்டு நிமிடம் போய்விடும். பாடமும் நடத்தவேண்டும் என்பதால் 45 நிமிட வகுப்பில் இரண்டு போதும். மூன்றாவதை எடுத்தால் மறுவாக்குக்கு முன்பே மணி அடித்துவிடும்.