மதுரை வெயிலில் குட்டி பாம் மரங்கள்: பல வருஷ அனுபவம்

எங்கள் வீடு மதுரை ஒத்தக்கடைப் பக்கம். கேட்டுக்கும் வராந்தாவுக்கும் நடுவே கொஞ்சம் இடம், போர் தண்ணீர் உப்பு, மே மாதம் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். இங்கே அழகுக்கு வைக்கும் பனைக் குடும்ப மரங்களான பாட்டில் பாம், பிக்மி டேட் பாம், அரிக்கா பாம் மூன்றையும் பல வருஷமாக வளர்த்து வருகிறேன். வாங்கும் முன்பு அந்த மரத்தின் சொந்த ஊர் எது என்று பாருங்கள், பாதிக் கேள்விக்கு அதிலேயே பதில் இருக்கும்.

பாட்டில் பாமின் சொந்த ஊர் மொரீஷியஸ் பக்கத்தில் உள்ள ரவுண்ட் தீவு. உப்புக் காற்றும் வறட்சியும் பழகிய மரம் என்பதால் எங்கள் தண்ணீருக்கும் வெயிலுக்கும் அசரவே இல்லை. ஒரு நேரத்தில் நாலைந்து மட்டைதான் நிற்கும், செடி நோஞ்சானாகிவிட்டது என்று பயப்பட வேண்டாம், அதன் சுபாவமே அதுதான். வளர்ச்சி ரொம்ப மெதுவு. பத்தடி உயரத்துக்கே பல வருஷம் எடுக்கும் என்பதால் சின்ன வீட்டுக்கு எனக்குத் தெரிந்து இதைவிடப் பொருத்தமான மரம் இல்லை.

பிக்மி டேட் பாம் தென்கிழக்கு ஆசியாவின் மீகாங் ஆற்றங்கரையில் வளர்வது. ஐப்பசி மழையில் தூரில் தண்ணீர் நின்றால்கூடத் தாங்குகிறது, ஆனால் சித்திரையில் தண்ணீர் தவறினால் உடனே மட்டை நுனி காய்கிறது. மட்டையின் அடிப்பக்கம் ஊசி மாதிரி முள் இருக்கும், குழந்தைகள் ஓடி விளையாடும் நடைபாதை ஓரத்தில் வைக்காதீர்கள். நர்சரியில் ஒரே தொட்டியில் மூன்று கன்றை நட்டுத் தருவார்கள், வளர்ந்தபின் ஒன்றுக்கொன்று விலகிச் சாய்ந்து நிற்பது கொள்ளை அழகு.

அரிக்கா பாம் மடகாஸ்கரின் ஈரப்பதமான பகுதியிலிருந்து வந்தது. கிழக்குச் சுவரோரம் காலை வெயில் மட்டும் படுகிற இடத்தில் நன்றாக இருக்கிறது, மேற்கு வெயிலில் வைத்தவை மஞ்சளாகி நுனி கருகியே நிற்கின்றன. மழைத் தண்ணீரைப் பிடித்து ஊற்றினால் தெளிகிறது.

இனி எல்லா பாமுக்கும் பொதுவான விஷயம், இதைத்தான் அதிகம் பேர் கவனிப்பதில்லை. அடிமட்டைகளில் மஞ்சளும் ஆரஞ்சுமாகப் புள்ளி விழுந்து நுனி கருகினால் பெரும்பாலும் அது பொட்டாஷ் குறைவு. மரம் பழைய மட்டையில் இருக்கும் சத்தை உறிஞ்சித்தான் குருத்துக்கு அனுப்புகிறது. தோட்ட வேலைக்கு வருகிறவர் ‘அசிங்கமா இருக்கு’ என்று அந்த மட்டையை வெட்டிவிட்டால் மரம் அதற்கு மேலே உள்ள மட்டையிலிருந்து எடுக்க ஆரம்பிக்கும், அப்படியே மேலே மேலே போய்க் கடைசியில் குருத்தே சிறுத்துவிடும். முழுதாகக் காய்ந்த மட்டையை மட்டும் எடுங்கள். நான் சல்ஃபேட் வகைப் பொட்டாஷும் எப்சம் உப்பும் (மெக்னீசியம் சல்ஃபேட்) சேர்த்தே போடுகிறேன், பொட்டாஷ் மட்டும் அதிகமானால் மெக்னீசியம் குறையும். புள்ளி விழுந்த மட்டை திரும்பப் பச்சையாகாது. புது மட்டைகள் வந்து இடம் மாறும்வரை பொறுமை வேண்டும்.

தண்டில் ஆணி அடிப்பது, சீரியல் லைட் கம்பியை இறுக்கிக் கட்டுவது எல்லாம் வேண்டவே வேண்டாம். வேம்பு, புங்கனில் மூடுவது போலப் பாம் மரத்துக்குக் காயம் மூடாது, அந்த வடு கடைசிவரை இருக்கும். பாட்டில் பாம், பிக்மி டேட் மாதிரி ஒற்றைத் தண்டு மரத்தில் குருத்து போனால் தண்டோடு போச்சு. அதனால் பக்கத்தில் தென்னந்தோப்பு இருந்தால் குருத்தைக் குடையும் காண்டாமிருக வண்டைக் கவனியுங்கள். தென்னைக்குச் செய்வது போலவே வேப்பங்கொட்டைத் தூள் ஒரு பங்கு, மணல் இரண்டு பங்கு கலந்து குருத்தை ஒட்டிய மட்டை இடுக்குகளில் போடுகிறேன்.

அப்புறம், சேகோ பாம் என்று விற்பது பாமே இல்லை, அது சைக்கஸ் என்ற வேறு இனம். அதன் கொட்டை நாய்க்குக் கொடிய விஷம், வீட்டில் நாய் இருந்தால் வாங்காதீர்கள். ஃபாக்ஸ்டெயில் பாமும் கன்றாக இருக்கும்போது அழகுதான், ஆனால் முப்பதடி வரை போகும். போர்ட்டிகோ ஓரத்துக்கு அது வேண்டாம்.