பேக்கப் தினமும் ஓடுதுன்னு சொல்லியே காசு வாங்குன இன்ஸ்டாலர், ஹோம் ஆட்டோமேஷன் வச்சிருக்கிறவங்க கண்டிப்பா படிங்க

வீட்டுக்கு ஹோம் ஆட்டோமேஷன் போட்டுக் குடுத்துட்டு வருஷாவருஷம் மெயின்டனன்ஸ் காசும் வாங்குன ஒரு இன்ஸ்டாலர்கிட்ட நாங்க பட்டத எழுதுறேன். பேர் போடல. இதே மாதிரி வேலை செஞ்சு குடுக்குற ஆளுங்க நிறைய பேர் இருக்காங்க, அதனால ஆள் யாருங்கறத விட என்ன செஞ்சு வச்சிருந்தாங்கன்னு தெரிஞ்சுக்கிறதுதான் உங்களுக்கு உதவும்.

வீட்ட கன்ட்ரோல் பண்ற சாஃப்ட்வேர் ஹோம் அசிஸ்டன்ட், அது ராஸ்பெர்ரி பைங்கற சின்னக் கம்ப்யூட்டர்ல எஸ்டி கார்டு போட்டு ஓடுது, லைட்டு, ஃபேன், சென்சார் எல்லாம் ஜிக்பீங்கற வயர்லெஸ் நெட்வொர்க்ல, வாசக் கதவுக்கு ஸ்மார்ட் லாக். சாஃப்ட்வேர் மேல எனக்கு ஒரு குறையும் கிடையாது, அது சொன்ன வேலைய ஒழுங்கா செஞ்சுட்டுதான் இருந்துச்சு.

முதல் பிரச்சினை கதவுலதான் வந்துச்சு. ஒரு நாள் ராத்திரி 2 மணிக்கு மேல ஹால் லைட் தானா எரிஞ்சுது. கதவு திறந்தா ஹால் லைட் எரியணும்னு ஒரு ஆட்டோமேஷன் இருக்கு, ஆனா வீட்டுல எல்லாரும் தூங்கிட்டு இருக்கோம், யாரும் கதவுகிட்டயே போகல. எழுந்து போய் பார்த்தா லாக் திறந்து கெடக்கு. காலையில, எது எப்ப நடந்துச்சுன்னு சாஃப்ட்வேர் எழுதி வைக்கிற லாக்புக்க தொறந்து அந்த நேரத்த தேடுனேன். ஹால் லைட் ஆன் ஆனதுக்கு ஒரு வரி இருக்கு, அதுக்குப் பக்கத்துலயே ஆட்டோமேஷன் ஓடுனதுக்கு ஒரு வரி, "வாசக் கதவு லாக்கோட நிலை மாறுனதால"ன்னு காரணமும் அதுலயே இருக்கு. ஆனா அந்த லாக் திறந்ததுக்கு மட்டும் வரியே இல்ல. அந்த ஒரு ராத்திரிக்கு மட்டும் இல்ல, தேதிய முன்ன பின்ன மாத்திப் பார்த்தாலும் லாக்குக்கு ஒரு என்ட்ரி கூட கெடையாது. அந்த வரி இருந்திருந்தா எந்த யூசர் திறந்தாங்கன்னு பேரோட காட்டியிருக்கும்.

இன்ஸ்டாலருக்கு ஃபோன் பண்ணா "சார், எஸ்டி கார்டு சீக்கிரம் போயிடும்னு தேவையில்லாத டிவைஸ் எல்லாம் ஹிஸ்டரில இருந்து எடுத்திருக்கோம்"ங்கறாரு. கார்டுல எழுதுறத கொறைக்கிறது நல்ல பழக்கம்தான், நான் மறுக்கல. ஹிஸ்டரி சேக்குற டேட்டாபேஸ் சில செகண்டுக்கு ஒரு தடவ கார்டுல எழுதிட்டே இருக்கும், நிமிஷத்துக்கு நிமிஷம் மாறுற வோல்டேஜ் சென்சார், வைஃபை சிக்னல் இதெல்லாம் எடுத்துட்டா கார்டு நிம்மதியா இருக்கும். ஆனா வாசக் கதவு லாக் ஒரு நாளைக்கு எத்தன தடவ மாறும்? அதப் போய் தேவையில்லாததுன்னு எடுப்பாங்களா? சரி சிஸ்டம் லாகயாவது (கதவு லாக் இல்ல, சாஃப்ட்வேர் ஓடும்போது எழுதுற பதிவு ஃபைல்) காட்டுங்கன்னு கேட்டேன். எனக்குக் குடுத்திருந்தது சாதா யூசர் அக்கவுன்ட், அதுல செட்டிங்ஸ் பக்கமே வராது, லாக் ஃபைல் பாக்கவே முடியாது. "பாத்துட்டு சொல்றேன் சார்"னாரு, அதுக்குள்ள ரிமோட்ல வந்து சிஸ்டத்த ரெண்டு மூணு தடவ ரீஸ்டார்ட் பண்ணிட்டாங்க. எங்ககிட்ட இருந்த வெர்ஷன்ல ரீஸ்டார்ட் ஆனா அதுக்கு முந்துன லாக் ஃபைல் ஒன்னு மட்டும்தான் தங்கும், மறுபடி ரீஸ்டார்ட் பண்ணா அதுவும் போச்சு. விடாம கேட்டுட்டே இருந்ததுக்கு அப்புறம் ஒரு நாள் சாதாரணமா சொல்றாரு, "எங்க பையன் ஆஃபீஸ்ல இருந்து டெஸ்ட் பண்ணிருப்பான் சார்". ராத்திரி ரெண்டு மணிக்கு, குடும்பம் தூங்குற வீட்டுக் கதவ, எங்கயோ உக்காந்துட்டு ஒருத்தன் டெஸ்ட் பண்ணிருக்கான். இத இப்ப எழுதும்போதும் கை நடுங்குது.

இந்தச் சண்ட முடியறதுக்குள்ள எஸ்டி கார்டு போயிடுச்சு. பை பூட் ஆகல, வீடு மொத்தமும் நின்னு போச்சு. அப்பவும் எனக்குப் பெருசா பயம் இல்ல, ஏன்னா அவங்க மாசாமாசம் அனுப்புற ரிப்போர்ட்ல முதல் வரியே "தினசரி பேக்கப் வெற்றிகரமாக நடக்கிறது"ன்னுதான் இருக்கும். எடுத்துப் போடுங்கன்னு கேட்டா ரெண்டு நாளா பதிலே இல்ல. அப்புறம் வந்து கார்டு போனதால பேக்கப்பும் போச்சு, புதுசா செட்டப் பண்ணணும், அது மெயின்டனன்ஸ்ல வராது, தனி சார்ஜ்ங்கறாங்க. அதாவது தினமும் எடுத்த பேக்கப் அத்தனையும் அதே எஸ்டி கார்டுக்குள்ளயே வச்சிருக்காங்க!

எனக்குத் தெரிஞ்ச ஒரு தம்பி லினக்ஸ் கம்ப்யூட்டர்ல கார்டு ரீடர் வச்சு அந்தக் கார்டப் படிக்க முயற்சி பண்ணான். செட்டிங்ஸ் எல்லாம் இருக்கிற கான்ஃபிக் ஃபோல்டர் கரப்ட், ஆனா பேக்கப் ஃபோல்டர் முழுசா வந்துடுச்சு, வரிசையா டார் ஃபைலுங்க (ஜிப் மாதிரி பல ஃபைல ஒன்னா கட்டுனது). அப்பாடான்னு ஒன்ன தொறந்தோம். உள்ள பேக்கப் டாட் ஜேசான்னு சின்ன ஃபைல் ஒன்னு இருக்கும், அது பூட்டப்படாது, யார் வேணா படிக்கலாம், அந்த பேக்கப்ல என்ன இருக்கு என்ன இல்லங்கறத அதுவே சொல்லிடும். அதுல "புரொடெக்டட்"க்கு நேரா ட்ரூ, "எக்ஸ்க்ளூட் டேட்டாபேஸ்"க்கு நேரா ட்ரூ, ஆட்-ஆன் (கூடச் சேத்துப் போடுற துணை ஆப்) பட்டியல் காலி. அதாவது பேக்கப் என்கிரிப்ட் ஆகி கீ போட்டுப் பூட்டியிருக்கு, ஹிஸ்டரி எந்த நாள் பேக்கப்லயும் இல்ல, ஆட்-ஆன் எதையும் சேர்க்கவே இல்ல. ஒவ்வொரு ஃபைலா பார்த்தோம், எல்லாமே இதே கதை. இதத்தான் மாசாமாசம் வெற்றிகரமான பேக்கப்னு எழுதி அனுப்பிட்டு இருந்திருக்காங்க.

என்கிரிப்ஷன் தப்புன்னு நான் சொல்லவே இல்ல. 2025.1 வெர்ஷன்ல இருந்து ஹோம் அசிஸ்டன்ட்ல தானா நடக்குற பேக்கப் வந்துச்சு, அத செட் பண்ணும்போதே என்கிரிப்ஷன் கீ ஒன்ன உருவாக்கி எமர்ஜென்சி கிட்னு ஒரு சின்ன டெக்ஸ்ட் ஃபைலா டவுன்லோட் பண்ணச் சொல்லும், இது இல்லாட்டி பேக்கப்ப திறக்க முடியாதுன்னு சேத்தே சொல்லும். அந்த ஃபைல டவுன்லோட் பண்ணது இன்ஸ்டாலரோட லேப்டாப்ல. எங்ககிட்ட வரவே இல்ல, அப்படி ஒன்னு இருக்குன்னு கூட சொல்லல. நம்ம வீட்டுச் சாமான எல்லாம் பீரோல வச்சுப் பூட்டி சாவிய அவர் எடுத்துட்டுப் போன மாதிரிதான் இது. கீ குடுங்கன்னா "அது கம்பெனி பாலிசி சார், கஸ்டமருக்குக் குடுக்கிறது இல்ல"ங்கறாங்க.

இதுல ரொம்ப வலிச்சது ஜிக்பீதான். டிவைஸ் எல்லாம் சேந்திருக்கிற நெட்வொர்க்குக்கு ஒரு கீ இருக்கு, அது கான்ஃபிக் ஃபோல்டருக்குள்ள இருந்துச்சு, அந்த ஃபோல்டர் பூட்டுன பேக்கப்புக்குள்ள. கீ இல்லாம புதுசா நெட்வொர்க் போட்டா பழைய டிவைஸ் ஒன்னு கூட அதுல சேராது, ஒவ்வொன்னையும் ரீசெட் பண்ணி மறுபடி பேரிங் பண்ணணும், அதாவது நெட்வொர்க்ல புதுசா சேக்கணும். சுவத்துக்குள்ள போட்ட ஸ்விட்ச் மாட்யூல எல்லாம் மெயின ஆஃப் பண்ணி, போர்ட கழட்டி, பட்டன அமுக்கிப் பிடிச்சு, திரும்ப மாட்டி... வீட்டுல வயசானவங்க இருக்காங்க, ராத்திரி பாத்ரூம் போற வழில லைட் எரியறதுக்காகத்தான் இதெல்லாம் போட்டதே. எழுத்துல புகார் குடுத்து, மெயின்டனன்ஸ் ஒப்பந்தத்த வச்சுக் கேட்டதுக்கு அப்புறம்தான் கீய அனுப்புனாங்க, அது வர்றதுக்குள்ள எல்லாத்தையும் நாங்களே பேரிங் பண்ணி முடிச்சிருந்தோம். காசு இன்னும் திரும்பி வரல, விடறதா இல்ல.

உங்க வீட்டுலயும் இன்ஸ்டாலர் போட்டுக் குடுத்த சிஸ்டம் ஓடுதுன்னா இன்னைக்கே யூசர் லிஸ்ட்ல ஓனர் யாருன்னு பாருங்க. அது உங்க அக்கவுன்டா இருக்கணும், அவங்களுக்கு வேணும்னா வேல நேரத்துக்கு மட்டும் தனி அக்கவுன்ட் குடுத்துட்டு முடிஞ்சதும் எடுத்துடலாம். எமர்ஜென்சி கிட் ஃபைல நீங்களே டவுன்லோட் பண்ணி அந்த சிஸ்டம் ஓடுற பெட்டிக்கு வெளிய ரெண்டு எடத்துல வைங்க. பேக்கப் நாஸ்க்கோ (வீட்டு நெட்வொர்க்ல இருக்கிற தனி ஸ்டோரேஜ் பெட்டி) கிளவுடுக்கோ போகுதா, அந்த கிளவுட் அக்கவுன்ட் உங்க பேர்ல இருக்கான்னு பாருங்க. பேக்கப் ஓடுதுன்னு பச்ச டிக் காட்டுனா நம்பாதீங்க, வேற ஒரு கார்டுல ரீஸ்டோர் பண்ணிக் காட்டச் சொல்லுங்க. அந்தச் சமயம் பழைய பெட்டிய ஆஃப் பண்ணி வச்சுட்டு பண்ணச் சொல்லணும், ரெண்டும் ஒரே நேரத்துல ஓடுனா குழப்பம் ஆகும்.

ஹிஸ்டரி டீஃபால்ட்டா 10 நாள்தான் இருக்கும். அதுக்கு மேலயும் ஸ்டாட்டிஸ்டிக்ஸ்னு ஒன்னு அழியாம இருக்கும், ஆனா அது டெம்பரேச்சர், கரன்ட் மாதிரி நம்பருக்குத்தான், பூட்டு திறந்துச்சா மூடுச்சாங்கறது அதுல வராது. அதனால லாக், கதவு சென்சார், அலாரம் இதெல்லாம் ஹிஸ்டரிய எழுதுற ரெக்கார்டர்ல இருக்கான்னு பாருங்க, லாக்புக்ல உங்க கதவோட பேரப் போட்டுத் தேடுனாலே தெரிஞ்சுடும். ஏதாவது சந்தேகமா நடந்துச்சுன்னா யாரையும் ரீஸ்டார்ட் பண்ண விடறதுக்கு முன்னாடி லாக் ஃபைல டவுன்லோட் பண்ணி வச்சுக்கங்க. அத "செக் பண்ணணும், அனுப்புங்க"ன்னு கேட்டா அப்படியே அனுப்பாதீங்க, ஒரு தடவ படிச்சுப் பாத்துட்டு அனுப்புங்க, எல்லாத்தையும் விவரமா எழுதுற டீபக் லாக்ல கேமரா லிங்க் பாஸ்வேர்டோட சேந்து கெடக்க வாய்ப்பு இருக்கு.

கடைசியா ஒன்னு. இன்ஸ்டாலரோட பாஸ்வேர்ட மட்டும் மாத்திட்டு நிம்மதியா இருக்காதீங்க. அவங்க அக்கவுன்ட்ல, பாஸ்வேர்ட் இல்லாமலே உள்ள வர விடுற நீண்டகால டோக்கன் எடுத்து வச்சிருந்தா அது 10 வருஷம் செல்லும், அவங்க ப்ரொஃபைல் பக்கத்துல மட்டும்தான் தெரியும், நமக்குத் தெரியாது. அக்கவுன்டையே டெலீட் பண்ணாத்தான் டோக்கனும் போகும், ஆனா ஓனர் அக்கவுன்ட வேற யாரும் டெலீட் பண்ண முடியாது. பழைய பேக்கப்ப ரீஸ்டோர் பண்ணா யூசருங்களும் அதோட சேந்து திரும்பி வந்துடுவாங்க, எங்களுக்கும் கீ வந்தப்புறம் ஒரு தனிக் கார்டுல ரீஸ்டோர் பண்ணிப் பார்த்தா அவரோட அக்கவுன்ட்தான் ஓனரா வந்து நின்னுச்சு. அதனால அத முழுசா எடுக்காம, புதுசா எங்க பேர்ல ஓனர் போட்ட சிஸ்டத்துக்கு ஆட்டோமேஷன் எல்லாம் எழுதியிருக்கிற யாமல் ஃபைல மட்டும் காப்பி பண்ணிக்கிட்டு, லாக்க ஃபேக்டரி ரீசெட் பண்ணி கோட் எல்லாத்தையும் மாத்துனோம்.